ஒரு மணி நேரம் எரிந்த விளக்கு



கொல்கத்தாவில் குடியேறிய நம்மவர் பலருடைய காலைப்பொழுது நாள்தோறும் ஒரே விதமாகவே கழிகிறது. லேக் மார்க்கெட்டில் கறிவேப்பிலையும் வாழையிலையும் வாங்கி வீட்டில் சேர்த்துவிட்டு, காளிகாட் நிலையத்தில் மெட்ரோ இரயில் ஏறி எஸ்பிளனேடில் இறங்கினால், பிறகு அலுவலகந்தான். வழியில் நேதாஜி பவன் என்றொரு நிலையம் வரும். 1984-ஆம் ஆண்டு அக்டோபர் 24-ஆம் நாள் இந்தியாவின் முதல் மெட்ரோ இரயில் எஸ்பிளனேடுக்கும் இந்நிலையத்துக்கும் இடையேதான் ஓடியது. அப்போது இதன் பெயர் பவானிபூர். பல ஆண்டுகளாக இதனைக் கடந்து சென்றும் ஒரு நாளேனும் நான் இங்கு இறங்கியதில்லை.

அண்மையில் ஒரு நாள், நான் சந்திக்க வேண்டியிருந்தவர் வர இயலாதென்று கைப்பேசியில் தெரிவித்தார். எதிர்பாராமல் கிடைத்த அந்த ஓய்வில் பவானிபூரில் இறங்கினேன். மண் குவளையில் தேநீர் அருந்திவிட்டு, முன்னாளில் எல்ஜின் சாலை எனப்பட்ட லாலா லஜபதிராய் சரணியில் சிறிது தூரம் நடந்தேன். நேதாஜி சுபாஷ் சந்திர போஸின் தந்தையார் ஜானகிநாத் போஸ் 1909-இல் கட்டிய இல்லம் அங்கே இருக்கிறது. இன்று அது நினைவகம்.

1940 டிசம்பர் 5-ஆம் நாள், சிறையில் உண்ணாநோன்பிருந்து உடல் நலிந்த சுபாஷ் விடுதலை செய்யப்பட்டு இவ்வீட்டுக்கு வந்தார். வழக்குகள் நிலுவையில் இருந்தன. சாதாரண உடையில் காவல்துறையினர் தெருவில் நின்று, வருவோர் போவோரையெல்லாம் கண்காணித்தனர்.

அம்மாதத்தில் ஒரு நாள், தம் அண்ணன் சரத் சந்திர போஸின் மகன் சிசிரைத் தனியே அழைத்து, தமக்காக ஒரு வேலை செய்ய முடியுமா என்று அவர் கேட்டார். சிசிருக்கு அப்போது இருபது வயது, மருத்துவ மாணவர். அருகிலிருந்த உட்பர்ன் பார்க் வீட்டிலிருந்து சித்தப்பாவைக் காண அவர் அடிக்கடி வருவது எல்லோரும் அறிந்த வழக்கம். அந்த வழக்கத்தையே திரையாகக் கொண்டு ஆயத்தங்கள் நடைபெற்றன. ஓர் இஸ்லாமியப் பயணிக்குரிய உடைகளும் பெட்டியும் வாங்கப்பட்டன. முகம்மது ஜியாவுதீன் என்னும் புனைபெயரில் ஆயுள் காப்பீட்டு நிறுவன அலுவலராகப் பயணம் செய்வதென்று முடிவாயிற்று.

சுபாஷ் தனிமையில் நோன்பிருக்கப் போகிறார், எவரையும் சந்திக்கமாட்டார் என்று வீட்டாருக்கு அறிவிக்கப்பட்டது. அறையில் திரை தொங்கவிடப்பட்டது. 1941 ஜனவரி 16-ஆம் நாள் நள்ளிரவு கடந்து ஏறத்தாழ ஒன்றரை மணிக்கு அவர் ஓசையின்றிப் படியிறங்கினார். சிசிர் ஓட்டிய வாண்டரர் மகிழுந்து வாயிலைக் கடந்து இருளில் மறைந்தது. மறுநாள் பகலை தன்பாத் அருகே சிசிருடைய அண்ணன் வீட்டில் கழித்துவிட்டு, இரவில் கோமோ நிலையத்தில் கால்கா மெயிலில் ஏறினார். அங்கிருந்து பெஷாவர், காபூல் வழியாக ஏப்ரல் தொடக்கத்தில் பெர்லின் சென்றடைந்தார். அங்கே அவர் நாடிய துணை தகுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. 1943-இல் சிங்கப்பூரில் அவர் தலைமையேற்ற இந்திய தேசிய இராணுவத்தில், மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உழைத்த தமிழர் ஏராளமானோர் சேர்ந்ததை நாம் அறிவோம்.

அவ்வீட்டின் தரையில், அன்றிரவு அவர் நடந்து சென்ற வழி காலடித் தடங்களாகக் குறிக்கப்பட்டுள்ளது. 2017-இல் புதுப்பிக்கப்பட்ட அந்த மகிழுந்தும் கீழே நிற்கிறது. வருவோர் அதன் எதிரிலேயே நெடுநேரம் நிற்கிறார்கள். என் உள்ளமோ அவர் விட்டுச் சென்ற அறையிலேயே நின்றுவிட்டது.

தாம் புறப்பட்ட பின்னரும் ஒரு மணி நேரம் விளக்கு எரியட்டும் என்று அவர் தம் சகோதரர் மகள் இலாவிடம் சொல்லியிருந்தார். அப்பெண் அவ்வாறே செய்தாள். அதன்பின் நாள்தோறும் திரைக்கு அப்பால் உணவு வைக்கப்பட்டது. இரகசியம் அறிந்த இளையோர் அதனை உண்டு, வெறும் தட்டுகளைத் திருப்பி வைத்தனர். அறையில் ஆள் இருப்பதாகவே சமையற்காரரும் நம்பினார், தெருவில் நின்ற காவலரும் நம்பினர். ஜனவரி 26-ஆம் நாள்தான் சுபாஷைக் காணவில்லை என்று குடும்பத்தார் வெளியிட்டனர். அதற்குள் அவர் எட்டாத தொலைவை அடைந்திருந்தார்.

ஒருவர் புதுவழியில் போவதற்காக, மற்றவர்கள் பழைய வழக்கத்தைக் குலையாமல் காத்துக்கொண்டு பின்னே இருந்தார்கள். சிசிர் பின்னாளில் ஆங்கிலேயரின் சிறைவாசத்தை அனுபவித்தார். விடுதலைக்குப் பின் குழந்தை மருத்துவராகப் பணியாற்றினார். இந்த நினைவகம் உருவாகவும் உழைத்தார். ஆனால் அன்னை பிரபாவதியிடம் மகனுடைய திட்டம் சொல்லப்படவில்லை. வெறும் அறைக்கு உணவு சென்றுகொண்டிருந்த நாட்களில் அவரும் அவ்வீட்டில்தான் இருந்தார். 1943-இல் அவர் காலமானார். மகனை அவர் மீண்டும் காணவேயில்லை.

பிரியமானவர்களே, நாமும் ஒரு நாள் பெட்டியுடன் வீட்டைவிட்டுப் புறப்பட்டவர்களே. நம்முடைய பயணத்தில் மாறுவேடமும் இல்லை, வரலாற்றில் அதற்கு இடமும் இல்லை. எனினும் நம் வாழ்க்கை ஒரே இரவில் திரும்பியபோது, பின்னே நின்று அன்றாடக் கடமைகளைச் சுமந்தவர்கள் நமக்கும் இருக்கிறார்கள். என்னை வழியனுப்பிய இரவில் திண்ணை விளக்கை அணைக்காமல் நின்றவர் என் தாயார். வண்டி தெருமுனை திரும்பும்வரை அவ்வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அதன்பின் எவ்வளவு நேரம் அவர் அங்கு நின்றார் என்று நான் இதுவரை கேட்டதில்லை.

மீண்டும் நிலையத்தின் படிகளில் இறங்குமுன் ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். இந்த நேரத்தில் அழைக்கமாட்டாயே, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று அம்மா பதறினார்கள். ஒன்றுமில்லை அம்மா, சும்மாதான் கூப்பிட்டேன் என்றேன். அன்று அலுவலகத்துக்கு அரை மணி நேரம் தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தேன்.