அனக்கம் காட்டாதே, மக்கா!

எங்கள் ஊரில் ஒரு கொக்குக்குக் 'குருட்டுக் கொக்கு' என்று பெயர். மடையான் என்றும் சொல்வார்கள். வயல் வரப்பிலும் குளத்தங்கரையிலும் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மண் நிறத்தில் குந்தியிருக்கும். நாம் பத்தடி பக்கத்தில் போகும்வரை அசையாது. மிதித்துவிடுவோமோ என்கிற நேரத்தில் படாரென்று வெள்ளைச் சிறகை விரித்துப் பறக்கும். ஆள் வருவதே தெரியவில்லை, பாவம் குருடு என்று யாரோ வைத்த பெயர்.

சின்ன வயதில் நானும் அப்படித்தான் நம்பினேன். மாமாதான் திருத்தினார்.

"குருடு அது இல்ல மக்கா, நாமதான். நீ கரையில ஏறினப்பமே அது உன்னையப் பாத்தாச்சு. நீ அதைப் பாத்தது, அது பறந்த பொறவு."

மாமா பறவை வேட்டைக்காரர். கவிமணி பிறந்த தேரூருக்குப் பக்கத்தில்தான் எங்கள் வீடு. சுசீந்திரம் குளம், தேரூர் குளம், இரண்டுக்கும் நடுவில் வயல். கும்பப்பூ அறுவடை முடிந்து தண்ணீர் கிடக்கும் வயலில் கொக்கும் உள்ளானும் இறங்கும்போது மாமாவும் இறங்குவார். துப்பாக்கி கிடையாது. மூங்கிலில் செய்த உண்டைவில். அம்பு விடுகிற வில் மாதிரியே இருக்கும். ஆனால் நாண் இரண்டு. நடுவில் சின்னத் துணிப்பட்டை. அதில் குளத்துக் களிமண்ணை உருட்டிக் காயவைத்த உருண்டையை வைத்து இழுத்து விட வேண்டும். கூனியின் முதுகில் ராமன் விளையாட்டாக அடித்ததாகக் கம்பர் சொல்கிறாரே, அந்த மண்ணுருண்டை இப்படிப்பட்ட வில்லில் இருந்து போனதுதான். விடும்போது இடது கையைக் கொஞ்சம் திருப்பாவிட்டால் உருண்டை நம் கட்டைவிரலையே பதம் பார்க்கும். 

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. எங்கள் வயல் வரப்பு வரைக்கும் அது வந்துசேர வெகுகாலம் ஆனது.

மாமாவோடு போன நாட்களில் நான் அதிகம் கேட்ட சொல் 'அனக்கம்'. "அனக்கம் காட்டாதே." "அனங்காம இரி." அசைவு, சத்தம் இரண்டுக்கும் எங்கள் பக்கத்தில் அந்த ஒரே சொல்தான். பறவைக்கும் அப்படித்தான் போலிருக்கிறது என்று பிறகு தோன்றியது.

மாமாவின் பாடங்கள் நாலைந்துதான். பறவையை நோக்கி நேராக நடக்கக் கூடாது; வேறு எங்கோ போகிற ஆள் மாதிரி சாய்ந்து போக வேண்டும். அதன் முகத்தைப் பார்க்கக் கூடாது. அது மீனுக்குத் தலையைத் தாழ்த்தும்போது ஓர் அடி. தலை நிமிர்ந்தால் நீ மரம். ஆள்காட்டி கத்திவிட்டால் அன்றைக்கு வேட்டை முடிந்தது. வீட்டுக்குத் திரும்பி நட. ஆள் வருவதைக் காட்டிக்கொடுப்பதால்தானே அந்தக் குருவிக்கு அந்தப் பெயர்!

கடைசிப் பாடம்தான் கஷ்டமானது. எவ்வளவு ஒளிந்து போனாலும் வில்லைத் தூக்கி நாணை இழுத்தே ஆக வேண்டும். அந்த ஒரு அனக்கத்தை மறைக்க வழியில்லை. தாமரை இலைக்குப் பின்னால் கொக்கின் தலை மறைகிற நேரத்துக்காக, முழங்கால் அளவு சேற்றில் அரை மணி நேரம் நிற்பார் மாமா. கொசு கடித்தாலும் கை போகாது.

இதெல்லாம் ஏன் இப்போது நினைவுக்கு வந்தது என்றால், அமெரிக்காவில் இருக்கும் அக்கா மகன் ஒரு வீடியோ அனுப்பினான். அவன் வீட்டுப் புல்வெளியில் ஏழெட்டுக் காட்டு வான்கோழிகள் கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி மெதுவாக நடந்து போகின்றன. அவன் பக்கத்து வீட்டுக்காரர் வில்லும் அம்புமாக இதே பறவையை வேட்டையாடுகிறவராம். அங்கே அதற்கு உரிமமும் பருவமும் உண்டு. "வீட்டு வாசலில் இப்படி நடக்கிற பறவை, காட்டில் நான் விரலை அசைத்தால் மாயமாகிவிடும்" என்று அவர் புலம்புவாராம்.

அவன் விவரம் சொல்லச் சொல்ல எனக்கு மாமாவின் குரலே கேட்டது. வான்கோழிக்கு மோப்ப சக்தி பெரிதாகக் கிடையாது, எல்லாம் கண்தான். இரண்டு பக்கமும் கண் இருப்பதால் தலையைக் கொஞ்சம் திருப்பினாலே பின்னால் இருப்பதும் தெரிந்துவிடும். அம்பு சரியாகப் போய்ச் சேர இருபது, முப்பது கஜத்துக்குள் அது வர வேண்டும். அவ்வளவு பக்கத்தில் வில்லை இழுத்தால் பார்த்துவிடும். அதனால் அதன் தலை ஒரு மரத்துக்குப் பின்னால் போகும்போதுதான் இழுப்பார்கள். அல்லது சேவல் வாலை விசிறியாக விரித்துக்கொண்டு முதுகைக் காட்டித் திரும்பும் நேரத்தில். சிலர் சின்னக் கூடாரம் அடித்து, உள்ளே இருட்டில் கறுப்பு உடையோடு உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று முளைத்த கூடாரத்தைக்கூட வான்கோழி அவ்வளவாகச் சட்டை செய்யாது. உள்ளே ஒரு கை அசைவது தெரிந்தால் போதும், ஓட்டம்தான்.

தாமரை இலைக்குப் பதில் மரம். மற்றபடி மாமாவின் பாடமேதான்.

பறவையின் கண் நம் கண் மாதிரி இல்லை. நொடிக்கு சுமார் 60 முறைக்கு மேல் மினுங்கும் விளக்கு நமக்கு அணையாத விளக்காகத் தெரிகிறது. சின்னப் பறவைகள் சிலவற்றுக்கு அந்த அளவு 100-க்கும் மேல். நமக்கு 'சட்டென்று' நடப்பது அவற்றுக்கு நிதானமாகத் தெரியும். பார்வை எங்கே இருக்கிறது என்பதையும் அவை கவனிக்கின்றன. பிரிட்டனில் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-ல் மைனா குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங் பறவைகளை வைத்துப் பார்த்தார்கள். தீனித் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஆள் தங்களையே பார்த்தால் அவை இறங்கத் தயங்கின. அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பியதும் சீக்கிரம் வந்தன. முகத்தைப் பார்க்காதே என்று மாமா சொன்னதும் இதைத்தான்.

நம்பிக்கை இல்லாவிட்டால் நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரி போகும் சாலையில், சுசீந்திரம் குளத்தருகே நின்று பாருங்கள். பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டு ஓடும். நாமக்கோழியும் தாழைக்கோழியும் திரும்பிக்கூடப் பார்க்காது. ஒரு கார் ஓரமாக நின்று, கதவு திறந்து, ஒரு ஆள் இறங்கிக் கையைத் தூக்கட்டும். அந்தப் பக்கத்துத் தண்ணீர் முழுக்கக் காலியாகும். டிராக்டருக்குப் பின்னால் சக்கரத்தை ஒட்டி நடக்கும் உண்ணிக்கொக்கும் இப்படித்தான். அவை மனிதனுக்கோ வண்டிக்கோ பயப்படுவதில்லை. போய்க்கொண்டிருந்த ஒன்று நின்று, திரும்பி, தன்னைப் பார்ப்பதற்குத்தான் பயப்படுகின்றன.

இவ்வளவும் தெரிந்த நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கேமரா வாங்கினேன். நீளமான லென்ஸ். மே மாதம் ஒருநாள் காலை, புத்தளம் உப்பளப் பக்கம் போனேன். நெடுங்கால் உள்ளான்கள் அங்கே காலடிச் சேற்றில் கூடு வைத்திருந்தன. சிவப்புக் கால், கறுப்புச் சிறகு, ஊசி மாதிரி அலகு. பார்த்தால் யாருக்கும் படம் எடுக்கத் தோன்றும். கூடு என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சேற்று மேட்டில் ஒரு சின்னப் பள்ளம், நாலு முட்டை.

நான் நேராக நடந்தேன். பறவை எழுந்துகொண்டது. 'கிக் கிக் கிக்' என்று தலைக்கு மேல் சுற்றியது. கோபமான படம் கிடைக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம். முட்டையை எடுத்தேன், பறக்கும் தாயை எடுத்தேன், வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். திரும்பி வரும்போது இரண்டு காக்கை அந்தப் பக்கமாகப் பறந்து போயின. பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

மறுநாள் படத்தை மாமாவிடம் காட்டினேன். எண்பதை நெருங்கிவிட்டார். கைகள் நடுங்கும். கண் மட்டும் அப்படியே இருந்தது. செல்போனை வாங்கித் தூரத்தில் பிடித்து, அருகில் பிடித்து, வெகுநேரம் பார்த்தார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எல்லாப் படத்துலயும் அது உன்னையத்தான் பாத்துக்கிட்டு இருக்கு" என்றார்.

"ஆமா மாமா."

"அப்பம் முட்டைமேல யாரு இருந்தா?"

நான் பேசவில்லை.

"எவ்வளவு நேரம் நின்ன?"

"ஒரு மணி நேரம் இருக்கும்."

"மே மாச வெயிலு. தாய்ப்பறவை வயித்தை நனைச்சுக்கிட்டு வந்து ஈரத்தோட அடைகாக்கும், தெரியுமா? முட்டை வெந்திரக் கூடாதுன்னு." செல்போனைத் திருப்பித் தந்தார். "நான் அடிச்சா ஒண்ணுதான் மக்கா விழும். நீ நாலைக் கொன்னுட்டு வந்திருக்கியே."

அன்று சாயங்காலமே போய்த் தூரத்தில் இருந்து பார்த்தேன். பள்ளம் இருந்தது. முட்டை இல்லை. ஒரு ஓடு மட்டும் பாதியாகக் கிடந்தது. காக்கையா, நாயா, தெரியாது. காவல் இருந்த பறவையை எழுப்பிவிட்டது நான்தான், அது தெரியும்.

பிறகு ஒருநாள் 1972 சட்டத்தை எடுத்துப் படித்தேன். 'வேட்டை' என்ற சொல்லுக்கு அது தரும் விளக்கத்தில் காட்டுப் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் அடக்கம். மாமாவை நான் வேட்டைக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். சட்டத்தின் கணக்கில் நானும் அதுதான். அவருக்காவது எப்போது நிற்க வேண்டும் என்று தெரிந்திருந்தது.

இன்று எங்கள் குளங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. சுசீந்திரம் – தேரூர் ஈரநிலமும், வேம்பனூர் ஈரநிலமும் 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. மத்திய ஆசியாவில் இருந்து வலசை வரும் பறவைகளின் பாதை தெற்கே வந்து முடியும் இடம் இது. அதனால் கேமராக்களும் அதிகமாகிவிட்டன. மார்கழி, தை மாதங்களில் கரை முழுக்க ஆட்கள். கூட்டமாகப் பறக்கிற படம் வேண்டும் என்று கை தட்டுகிறவர்களையும் கல் எறிகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். திரும்பிப் போகும் நெடும்பயணத்துக்குத்தான் அந்த வாத்துகள் இங்கே தின்று கொழுப்பைச் சேர்க்கின்றன. நாம் ஒருமுறை எழுப்பினால் அந்தச் சேமிப்பில் இருந்து கொஞ்சம் செலவாகிறது. ஒரு நாளில் இருபது பேர் எழுப்பினால்?

பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு மாமாவின் பாடத்தையே சொல்கிறேன். நேராகப் போகாதீர்கள். முடிந்தால் காரை விட்டு இறங்காதீர்கள். கண்ணாடியைப் பாதி இறக்கினால் போதும். இறங்கினால் ஒரே இடத்தில் உட்காருங்கள். பத்து நிமிடம் எதுவும் நடக்காது. பதினைந்தாவது நிமிடம் முக்குளிப்பான் உங்கள் முன்னால் வந்து எழும்பும். பறவை உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் அதிகம் பக்கத்தில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அது மீன் பிடிக்கட்டும், இறகு கோதட்டும். அப்போது எடுப்பதுதான் படம். கூடு இருக்கிற இடத்துக்கு மட்டும் போகவே வேண்டாம்.

போன கும்பப்பூ அறுப்பு முடிந்ததும் மாமாவைக் காரில் உட்காரவைத்துத் தேரூர் குளத்துக்கு அழைத்துப் போனேன். எப்போது வேட்டையை விட்டீர்கள் என்று வழியில் கேட்டேன். ஏதாவது மனமாற்றக் கதை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கை நடுங்க ஆரம்பிச்ச பொறவு விட்டேன். புண்ணியத்துக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

கரையோரம் வண்டியை நிறுத்தினேன். ஜன்னலுக்கு நேர் கீழே, பத்தடியில், ஒரு குருட்டுக் கொக்கு. நான் பார்க்கவில்லை, மாமாதான் கண்ணாலேயே காட்டினார். அது கழுத்தை இழுத்துக்கொண்டு எங்களைக் கவனித்தது. மாமாவின் கை ஜன்னல் விளிம்பில் நடுங்கிக்கொண்டிருந்தது. கொக்கின் கழுத்து மெல்ல நீண்டது. இப்போது பறந்துவிடும் என்று நினைத்தேன்.

மாமா மெதுவாக, மிக மெதுவாக, கையை உள்ளே எடுத்தார். மடியில் வைத்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து அதன்மேல் போட்டு மூடிக்கொண்டார்.

கொக்கு கழுத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொண்டது. நான் கேமராவை எடுக்கவில்லை. நாங்கள் கிளம்பும்வரை அது அங்கேயேதான் இருந்தது.