தாத்தா குரலுக்கு எத்தனை ஜிபி?

டிவிடி மேல் 4.7 ஜிபி என்று அச்சிட்டிருக்கும். கம்ப்யூட்டரில் போட்டால் 4.37-க்கு மேல் காட்டாது. மீதி எங்கே போச்சு?

மதுரையில் ஒரு வீட்டில் இந்தக் கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிதாகக் கிளம்பியது. பீரோ அடித்தட்டில் கல்யாண வீடியோ மூன்று டிவிடி, போட்டோக்களும் சின்னச் சின்ன வீடியோக்களும் போட்டுக் கொடுத்த சிடி இரண்டு. காதுகுத்து சிடியில்தான் தாத்தா பேரனை மடியில் வைத்துப் பேசுகிறார். அவர் குரல் அந்த ஒன்றில்தான் இருக்கிறது. புது லேப்டாப்பில் டிஸ்க் போடும் வசதியே கிடையாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய டிரைவை மாலைக்குள் திருப்பித் தர வேண்டும். கையில் இருந்தது 16 ஜிபி பென் டிரைவ். அதுவும் 14.9 என்றே காட்டியது.

மகன் டிஸ்க்குகளின் மேல் இருந்ததைக் கூட்டினான். மூன்று 4.7, இரண்டு 0.7. மொத்தம் 15.5.

"இடம் பத்தாதும்மா. காதுகுத்து சிடி ரொம்பக் கீறியிருக்கு, அதை விட்டுடலாமா?"

"டேய், அதுலதான்டா தாத்தா பேசுறாரு!"

கூட்டலில் தப்பில்லை. டிஸ்க்கை ஒரு படியாலும் பென் டிரைவை இன்னொரு படியாலும் அளந்ததுதான் கோளாறு. எல்லாவற்றையும் பைட்டாக மாற்றினால் தெளிந்துவிடும். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். (செல்போனில் 'அ' என்று அடித்தால் மூன்று பைட், 'கு' என்றால் ஆறு. நம் எழுத்துக்குக் கொஞ்சம் இடம் அதிகம்தான்!)

டிவிடி செய்பவர்களுக்கு ஒரு ஜிபி என்பது நூறு கோடி பைட். ஆக 4.7 ஜிபி என்றால் 470 கோடி பைட், அதாவது 3,760 கோடி பிட். விண்டோஸ் கம்ப்யூட்டரோ 1,024-ஐ மூன்று முறை பெருக்கி, சுமார் 107 கோடியே 37 லட்சத்தை ஒரு ஜிபி என்கிறது. 470-ஐ அதால் வகுத்தால் 4.37. யாரும் எதையும் திருடவில்லை. பென் டிரைவ் 16-லிருந்து 14.9 ஆனதும் இப்படித்தான். மேக் கம்ப்யூட்டரில் செருகியிருந்தால் 16 என்றே காட்டியிருக்கும்.

சிடி கதை நேர்மாறு. அதன் மேல் உள்ள 700 எம்பி, 1,024 கணக்கில் போட்டது. 80 நிமிடம், நொடிக்கு 75 கட்டம், கட்டத்துக்கு 2,048 பைட். பெருக்கினால் சுமார் 73 கோடியே 73 லட்சம். ஒரே ரகத் தட்டுகளுக்கு ஏன் இரண்டு விதக் கணக்கோ!

ஐந்தும் முழுதாக நிரம்பியவை என்றே வைத்தாலும் 1,410 கோடியும் சுமார் 147 கோடியும் சேர்ந்து 1,557 கோடி பைட். பென் டிரைவில் இடம் 1,600 கோடி. தாராளமாகவே போதும்.

கீறல் விழுந்த சிடியைத்தான் முதலில் போட்டார்கள். எழுதும் டிஸ்க்குகளில் தகவல் பதிவது ஒரு சாயப் பூச்சில். வெயிலும் வெக்கையும் பட்டால் மங்கும். இரண்டு இடத்தில் டிரைவ் திணறி நின்றது. போட்டோ சில போயின. தாத்தா பேசும் வீடியோ வந்துவிட்டது. அதை மட்டும் அம்மா உடனே தன் போனிலும் ஏற்றிக்கொண்டார்.