மறைத்தால் தீராது

கணினி மையத்தில் அமெரிக்கக் குடியேற்ற விசாவுக்கான டிஎஸ்-260 படிவத்தைக் கால் மணி நேரத்தில் முடித்துத் தருகிறார்கள் என்று கொட்டாம்பட்டியில் இப்போது பெருமையாகப் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கால் மணி நேரத்தில் நடப்பதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

மகள் மூலம் பச்சை அட்டை வாங்கிய அப்பா, ஊரில் இருக்கும் கல்யாணமாகாத மகனுக்கு ஐ-130 என்னும் உறவினர் மனுப் போடுகிறார். அந்த மகன் முன்பு சுற்றுலா விசாவில் போய், கெடு தாண்டித் தங்கிவிட்டுத் திரும்பியவன். முறை வந்து டிஎஸ்-260 நிரப்பும்போது, அனுமதித்த காலத்துக்கு மேல் தங்கியதுண்டா என்ற கேள்வி வந்ததும், மையத்துப் பையன் ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறான். கேட்டால், “அவங்களுக்கு எப்படிங்கய்யா தெரியும்?” என்கிறான். பயணிகள் விவரத்தை விமான நிறுவனங்கள் அந்த நாட்டு அரசுக்குக் கொடுத்துவிடுகின்றன என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

கெடு தாண்டித் தங்கியவர்களுக்குத் தடை போடுவது 1996-இல் வந்த சட்டம். 1997 ஏப்ரல் 1 முதல் நாள் எண்ணுகிறார்கள். 180 நாளுக்கு மேல், ஓராண்டுக்குள் தங்கிவிட்டுக் கிளம்பினால் மூன்றாண்டுத் தடை. ஓராண்டோ அதற்கு மேலோ ஆனால் பத்தாண்டு. பதினெட்டு வயதுக்கு முன் தங்கிய நாள் கணக்கில் வராது. பத்து வருஷத்துக்கு விசா இருக்கிறதே என்று வாதாடுவார்கள். விசாவில் இருப்பது உள்ளே போகக் கதவைத் தட்டும் காலம். தங்கும் கெடு, உள்ளே விடும்போது போடும் ஐ-94 பதிவில் இருக்கிறது. மாணவர் விசாவில் போனவன் கணக்கே வேறு: அவனுடைய ஐ-94இல் பெரும்பாலும் தேதியே இருக்காது. அரசோ நீதிபதியோ தீர்மானம் சொல்லும்வரை அவனுக்குத் தடைக்கான நாள் ஓடத் தொடங்குவதில்லை.

பையன்கள் பார்க்காத கணக்கு ஒன்று உண்டு. 2024-இல், பச்சை அட்டைக்காரரின் கல்யாணமாகாத வளர்ந்த பிள்ளைகளுக்கான எப்2பி வரிசையில் எட்டு ஆண்டுக்கும் முன்னால் மனுப் போட்ட இந்தியர்களுக்குத்தான் முறை வந்தது. தடைக்காலமோ அமெரிக்காவை விட்டுக் கிளம்பிய நாளிலிருந்தே ஓடுகிறது. அந்த மகன் ஊர் திரும்பி இரண்டு வருஷம் கழித்து அப்பா மனுப் போட்டிருந்தால், மும்பை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் நேர்காணலுக்கு நிற்கும்போது பத்தாண்டும் கழிந்திருக்கும். ‘ஆம்’ என்று எழுதினால் இழப்பு ஒன்றுமில்லை. கழியாவிட்டாலும், மகன் வராததால் பெற்றவர் படும் கடும் இன்னலைக் காட்டி ஐ-601 படிவத்தில் விலக்குக் கேட்கலாம். பொய் சொல்லி அகப்பட்டால் அது தனிக் குற்றம். விலக்கு வாங்கினாலொழிய ஆயுளுக்கும் தடை. தானாகத் தீர்ந்துபோகவிருந்ததைத் தீராததாக மாற்றுகிறது அந்த ஒரு குறி.

‘ஆம்’ என்று எழுதினால் எப்போது கிளம்பினான் என்று காட்ட வேண்டும். மனு எழுதும் என் தொழிலின் முழுப் பாரமும் இங்கேதான். அமெரிக்காவில் வெளியேறும்போது முத்திரை குத்துவதில்லை. சென்னையிலோ மதுரையிலோ வந்திறங்கியபோது நம்மவர்கள் குத்திய முத்திரைதான் நம் கையில் இருக்கும் சாட்சி. அது பழைய பாஸ்போர்ட்டில் இருக்கும். புதியது எடுக்கும்போது மூலையை வெட்டித் திருப்பிக் கொடுத்ததை, செல்லாததுதானே என்று வீட்டில் தூக்கிப் போட்டிருப்பார்கள். போர்டிங் அட்டை வெப்பத்தில் அச்சாகும் தாள். நம் ஊர் வெயிலில் சில கோடைக்குள் வெறும் தாளாகிவிடும். வந்த அன்றே நகல் எடுத்தவனை நான் கண்டதில்லை.

மேலூர் நீதிமன்ற வாசலில் மனு எழுதிய பெரியவரிடம்தான் நான் தொழில் படித்தேன். உடனே ஒரு வரிகூட எழுத விடமாட்டார். முதலில் தேதிகளைக் கேட்டு இடப்பக்கம் வரிசையாக எழுதச் சொல்வார். எந்தத் தேதிக்கு எதிரே காகிதம் இல்லையோ அங்கே சுழி போட்டு, “இது கிடைச்ச பிறகு பேனாவை எடு” என்பார். பாஸ்போர்ட் கிடைக்காத வீடுகளில் அந்தப் பழக்கம்தான் கைகொடுத்தது. ஊர் திரும்பிய மாதமே மகன் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான். சார்பதிவாளர் அலுவலகப் பதிவில் அவன் புகைப்படமும் கைரேகையும் தேதியோடு இருக்கும். ஆள் நேரில் வராமல் அது நடக்காது. வங்கியில், மருத்துவமனையில் என்று தேடித் தேடி, வந்த நாளுக்கு எவ்வளவு நெருக்கமாகப் போக முடியுமோ அவ்வளவு நெருங்குவேன். சட்ட வாதம் அமெரிக்காவிலுள்ள வழக்கறிஞர் வேலை. அவர் கையில் நான் கொடுக்கும் தேதிப் பட்டியலில் ஓட்டை இருக்காது. அதைச் சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு.

இன்னொன்றும் உண்டு: எப்2பி வரிசையில் காத்திருக்கும் மகனுக்கு, வயது போகிறதே என்று நடுவில் கல்யாணம் முடித்துவிடுகிறார்கள். அப்பா குடியுரிமை வாங்குவதற்கு முன் அது நடந்தால் மனு அங்கேயே செத்துப்போகும். பந்தக்கால் நடுவதற்கு முன் என்னிடம் கேட்க வருபவர்கள் குறைந்துவிட்டார்கள். மையத்தில் இதைச் சொல்ல ஆளில்லை. படிவத்தில் கேட்டதற்கு மட்டும் விரல் ஓடுகிறது.

வேகத்தின் மேல் எனக்குக் கோபமில்லை. நானும் கணினியில்தான் நிரப்புகிறேன். அடுத்தவன் ஆயுளைத் தீர்மானிக்கும் கேள்விக்கு, அவனைக் கேட்காமலே பதில் போடுகிற துணிச்சல் எங்கிருந்து வந்தது? இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு பையன் மறந்துவிடுவான். மும்பையில் சத்தியம் செய்கிறவன் மகன். ஆகவே பெற்றவர்களே, ‘சமர்ப்பி’ என்ற பொத்தானை அழுத்த விடுமுன் படிவத்தை அச்செடுத்து, ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் படித்துக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிற இடத்தில் காசு கொடுக்காதீர்கள்.