பில்லில் வராத வேலை

பைக்கையோ காரையோ எஞ்சின் வேலைக்கு விட்டுவிட்டுத் திரும்பி எடுக்கும்போது கொடுக்கிற பில்லைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். கேஸ்கெட் செட் இவ்வளவு, ஆயில் இவ்வளவு, லேபர் இவ்வளவு என்று இருக்கும். பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்ததற்கு என்று ஒரு வரி இருக்கவே இருக்காது. ஆனால் நெய்வேலியில் மந்தாரக்குப்பம் பக்கம் ஏதாவது ஒரு மெக்கானிக் ஷெட்டில் அரை நாள் நின்று பார்த்தால் தெரியும், எஞ்சினைப் பிரித்துப் போட்ட பிறகு பாதி நேரம் இந்த வேலைக்குத்தான் போகிறது. செய்வது யார்? பெரும்பாலும் ஐ.டி.ஐ. முடித்த கையோடு வந்து சேர்ந்த, ஷெட்டிலேயே வயதில் சின்னப் பையன். (சுரண்டல் என்ற சொல்லுக்குத் தமிழில் இன்னொரு அர்த்தமும் இருப்பது தற்செயல் என்றே வைத்துக்கொள்வோம்!)

கேஸ்கெட் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊர் மெக்கானிக்குகள் அதை 'பேக்கிங்' என்றும் சொல்வார்கள். இரண்டு உலோக முகங்களை எவ்வளவு இறுக்கி முறுக்கினாலும் நடுவில் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம் இருக்கும். அதன் வழியே ஆயில், தண்ணீர், புகை எது வேண்டுமானாலும் கசியும். அதை அடைக்க நடுவில் வைப்பதுதான் பேக்கிங். பேப்பர், கார்க், ரப்பர், செம்பு, அடுக்கு எஃகுத் தகடு என்று பல வகை உண்டு. இதில் ஹெட் கேஸ்கெட்டின் பாடுதான் பெரும்பாடு. ஒரு பக்கம் சிலிண்டருக்குள் எரிகிற வாயு, இன்னொரு பக்கம் ஆயில், மற்றொரு பக்கம் ரேடியேட்டர் தண்ணீர். மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் வருடக்கணக்கில் தாங்க வேண்டும். சூட்டில் வெந்து வெந்து அது உலோகத்தோடு ஒட்டி, கருகி, ஓடு மாதிரி ஆகிவிடும். பிரித்தால் பாதி கையோடு வரும், மீதி அங்கேயே நிற்கும்.

மீதி நின்றால் என்ன, மேலே புதியதை வைத்து முறுக்கிவிடலாமே? அங்கேதான் விஷயம். பல சின்ன கார் எஞ்சின்களில் ஹெட்டின் முகம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் கோணக்கூடாது. தலைமுடியின் தடிமனைவிடக் கொஞ்சம் குறைவு! அந்தக் கணக்கில், நகக்கண் அளவு பழைய பேக்கிங் நின்றாலும் அது ஒரு குன்றுதான். பழைய புல்லட் நிற்கும் இடத்தில் ஆயில் சொட்டுவதைக் கேலி செய்யாதவர்கள் உண்டா? அந்தச் சொட்டுகளில் எத்தனை கம்பெனியின் குற்றம், எத்தனை அரைகுறையாகச் சுரண்டியதன் குற்றம் என்று யாராவது கணக்கு எடுத்தால் நன்றாக இருக்கும்.

சரியான முறை ரொம்ப மெதுவானது. ஓட்டைகளைத் துணி வைத்து அடைத்து, ஒட்டியிருப்பதை ஊறவைத்து, பித்தளை அல்லது பிளாஸ்டிக் தகட்டைப் படுக்கையாகப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அலுமினியம் மெத்தென்ற உலோகம். உளியை வைத்து ஒரு கீறல் போட்டால் அந்தக் கீறலே புதுக் கசிவுக்கு வழி. வார்ப்பிரும்புப் பாகங்களைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாம். அதே தண்ணீரில் அலுமினிய ஹெட்டைப் போட்டால் பொங்கி நுரைத்து உலோகமே கரையும். போல்ட் துளைகளையும் மறக்கக்கூடாது. அடி மூடிய துளையில் ஆயில் தேங்கியிருக்க மேலே போல்ட்டை முறுக்கினால், ஆயிலுக்குப் போக வழியில்லாமல் பிளாக்கே விரிந்துவிடலாம்.

இவ்வளவு பொறுமைக்கு யார் காசு கொடுப்பார்கள்? அதனால் கிரைண்டரில் தேய்ப்பு வட்டை மாட்டி இரண்டே நிமிடத்தில் பளபளவென்று ஆக்கிவிடுகிறார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த வட்டிலிருந்து உதிர்வது அலுமினியம் ஆக்சைடு, உப்புத்தாளில் இருக்கிற அதே பொடி. எஞ்சினுக்குள் விழுந்து ஆயிலோடு கலந்தால் பேரிங்குகளை அரைத்துத் தின்றுவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் இதற்காகவே 2000-களில் தன் சர்வீஸ் நிலையங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பி, எஞ்சின் பாகங்களில் இந்த வட்டுகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று எச்சரித்தது. நெய்வேலியோ டெட்ராய்ட்டோ, அவசரம் ஒன்றுதான் போலிருக்கிறது.

எஞ்சின் போனால் வேறு வாங்கலாம். பழைய கேஸ்கெட்டில் இன்னொன்றும் இருக்கலாம்: ஆஸ்பெஸ்டாஸ். சூட்டைத் தாங்கும், விலையும் குறைவு என்பதால் ஹெட் கேஸ்கெட்டிலும் சைலன்சர் பேக்கிங்கிலும் பல வருடம் அதைத்தான் போட்டார்கள். நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-ல் ஓடத் தொடங்கி 2020-ல் மூடப்பட்டது. அது கட்டப்பட்ட காலத்தில் உலகம் முழுவதும் நீராவிக் குழாய் இணைப்புகளில் ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங் சர்வ சாதாரணம். எதில் இருக்கிறது, எதில் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. முழுசாக இருக்கும்வரை பெரிய ஆபத்தில்லை. காய்ந்ததைச் சுரண்டும்போதும் கிரைண்டர் வைக்கும்போதும்தான் இழைகள் காற்றில் ஏறி நுரையீரலில் போய்த் தங்குகின்றன. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் தரும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நோய் தெரிய 20, 30, 40 வருடம்கூட ஆகும். பதினெட்டு வயதில் சுவாசித்தவனுக்கு ஐம்பதில்தான் கடிதம் வந்து சேரும். அதற்குள் அந்த ஷெட்டும் இருக்காது, பில் புத்தகமும் இருக்காது.

அமெரிக்காவில் 1994-ல் வந்த தொழிலாளர் பாதுகாப்பு விதி, கட்டுமான, பராமரிப்பு வேலைகளில் ஆஸ்பெஸ்டாஸ் கேஸ்கெட்டின் மிச்சத்தைச் சுரண்டுவதென்றால் ஈரப்படுத்தித்தான் சுரண்ட வேண்டும் என்று சொல்கிறது. இந்தியாவில் 1995-ல் உச்ச நீதிமன்றம், ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் உடல்நலப் பதிவேட்டை, வேலையில் சேர்ந்ததிலிருந்து 40 வருடமோ ஓய்வுக்குப் பின் 15 வருடமோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் அது ஆலைகளை மனதில் வைத்துச் சொன்னது. ரோட்டோர ஷெட்டில் தினக்கூலி வாங்குகிற பையனுக்கு வருகைப் பதிவேடே கிடையாது, உடல்நலப் பதிவேட்டுக்கு எங்கே போவது?

காமர்ஸ் வகுப்பில் செலவை நேரடிச் செலவு, மறைமுகச் செலவு என்று பிரித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். இந்தச் செலவு இரண்டிலும் வராது. கஸ்டமர் கொடுக்கவில்லை, ஷெட் ஓனரும் கொடுக்கவில்லை. கொடுக்கிறவனுக்கோ தான் கொடுக்கிறோம் என்பதே தெரியாது. ஓனரை மட்டும் திட்டியும் பயனில்லை. 'கிளீனிங் 200 ரூபாய்' என்று தனியாக எழுதினால் கஸ்டமர் முகம் சுளித்து அடுத்த ஷெட்டுக்குப் போவார், அது அவருக்குத் தெரியும்.

இத்தனைக்கும் சோப்புத் தண்ணீர் ஊற்றிய ஒரு ஸ்பிரே பாட்டிலுக்கு என்ன பெரிய விலை? அடித்து, ஊறவைத்து, ஈரமாகவே சுரண்டி, வந்ததை ஈரத்துணியில் வழித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டிவிட்டால் தூசி பெரும்பாலும் பறக்காது. ஆனால் பல ஷெட்டுகளில் நடப்பது வேறு. சுரண்டி முடித்ததும் கம்ப்ரசர் ஹோஸை எடுத்து 'புஸ்'ஸென்று ஒரு ஊது. ஹெட் சுத்தமாகிவிடும். எதிரே டீ கிளாஸோடு நிற்கும் கஸ்டமர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டடி தள்ளி நிற்பார். ஹோஸைப் பிடித்திருக்கும் பையன் எங்கே தள்ளி நிற்பது?