கடல் கடந்து வந்த பேராசான்

மலாயாப் பல்கலைக்கழக இந்தியவியல் துறையின் தலைமையை ஏற்க, 1961இல் கோலாலம்பூர் வந்தார் தனிநாயக அடிகளார். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொனில் 1913இல் பிறந்தவர். பேராதனையில் கல்வியியல் விரிவுரையாளராய் விளங்கியவர். துறவியாதலின் உடன் அழைத்துவர மனைவி மக்கள் இல்லை. பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்தார் பலர் முன்பே குடியேறியிருந்தமையால் ஊர்ப்பேச்சுக்கு மட்டும் குறைவிருந்திராது.

ஏற்ற பொறுப்போ எளியதன்று. அத்துறையில் தமிழுக்கா, வடமொழிக்கா முதலிடம் என்னும் வழக்கு 1950களில் எழுந்தபோது, கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டினார். தொழிலாளரும் தம் கூலியிலிருந்து வெள்ளி தந்தனர். பத்துமலைப் பக்கத்துத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் ஒருநாள் பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் என்னும் நம்பிக்கையன்றோ அது! அந்த வெள்ளிக்கு விடைசொல்லும் கடமை, அயல்நாட்டிலிருந்து வந்த இவர் தோளில் விழுந்தது.

அடிகளார் இளமையில் தமிழை முறையாகக் கற்றவரல்லர். வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரான பின்னரே ஊன்றிப் பயின்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தொடர்ந்தார். பிந்திக் கற்றவருக்கே மாணவன் எங்கே இடறுவான் என்பது தெரியும்.

1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்ற முன்னின்றார். அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரிலேயே கூடியது. சென்னைக்கு அவ்வாய்ப்பு 1968இல்தான் வாய்த்தது.