உயிர் காலேஜும் ஒரு மேனேஜ்மெண்ட் பாடமும்

மயிலாப்பூர், தி.நகர் பக்கம் வயதானவர்களிடம் பேசிப் பாருங்கள். 'செத்த காலேஜ்', 'உயிர் காலேஜ்' என்று இரண்டு பெயர் சொல்வார்கள். செத்த காலேஜ் என்பது எழும்பூர் மியூசியம். உயிர் காலேஜ் என்பது சென்ட்ரல் அருகே பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சிசாலை. மியூசியத்தின் பொறுப்பில் இருந்த எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர் 1855-ல் அதை ஆரம்பித்தார். 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்ற பயத்தில் ஊரே காலியானது. கூண்டு உடைந்து வெளியே வந்துவிட்டால் என்ன செய்வது என்று அங்கிருந்த சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவ்வளவுதான் அன்றைய பிளானிங். நெருக்கடியான அந்த இடத்தை விட்டு வண்டலூருக்கு மாறி, 1985-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள்.

வண்டலூர் அரசாங்க ஜூ. அதிகாரிகள் மாறுவார்கள், ஃபைல் மாறாது. ஆனால் தலைமை, திட்டமிடல், பலதரப்பட்ட ஆட்களைச் சேர்த்து ஒரு வேலையை நடத்துவது, இதையெல்லாம் பார்க்க அடையாறிலிருந்து சர்தார் படேல் சாலையில் கொஞ்ச தூரம் போனாலே போதும். ஐஐடியைத் தாண்டினால் கிண்டி பாம்புப் பண்ணை.

அதை ஆரம்பித்த ராமுலஸ் விட்டேகர் 1943-ல் அமெரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே இந்தியாவுக்கு வந்து, பின்னாளில் இந்தியக் குடிமகனானவர். இளைஞராக இருந்தபோது மயாமியில் ஒரு பாம்புப் பண்ணையில் வேலை பார்த்தார். பாம்பு விஷம் எடுப்பதையும் அதைப் பார்க்க ஜனங்கள் காசு கொடுத்து வருவதையும் அங்கேதான் கண்டார். இங்கே வந்து அதையே செய்தார். 1972-லிருந்து கிண்டியில் பண்ணை நடக்கிறது.

ஆனால் அவருக்குப் பாம்பு பிடிக்க உண்மையிலேயே கற்றுக்கொடுத்தவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள். தரையில் கிடக்கும் சின்னத் தடயத்தை வைத்தே எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது என்று சொல்லக்கூடியவர்கள். அதுவரை தோலுக்காகப் பிடித்துக் கொடுத்துப் பிழைத்தார்கள். 1970-களில் வனவிலங்குச் சட்டமும் தோல் வியாபாரத் தடையும் வந்ததும் பிழைப்பு போனது. சட்டம் சரிதான், ஆனால் அந்தச் சட்டத்தால் அடுப்பு அணைந்த வீடுகளைப் பற்றி யார் யோசித்தார்கள்?

இந்த இடத்தில்தான் அந்த மனிதரின் தலைமை தெரிகிறது. இருளர்களைத் தன் பண்ணையில் கூலிக்கு வைத்துக்கொண்டு கதையை முடித்திருக்கலாம். அப்படிச் செய்யாமல் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாகத் துணை நின்றார். உறுப்பினர்கள் இருளர்களே. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நாலு வகையைப் பிடித்து, சில தடவை விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. தோலுக்குப் பாம்பை ஒரு தடவைதான் விற்க முடியும். விஷத்துக்கு? காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, முதலைத் தின்னாமல் வட்டியில் வாழ்கிற கணக்கு. (இந்த 'முதல்' வேறு, அடுத்து வரப்போகும் முதலை வேறு :-) )

மிருகக்காட்சிசாலைகளில் பன்முகத்தன்மை என்றால் வாசலில் போர்டில் எழுதியிருக்கும் இனங்களின் எண்ணிக்கை என்றுதான் நினைக்கிறோம். கூண்டுக்கு வெளியே நிற்கிற ஆட்களில் அது இருக்கிறதா என்று யாரும் எண்ணுவதில்லை. 2016-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் பெருகிப்போன மலைப்பாம்புகளைப் பிடிக்க ஒரு மாதப் போட்டி வைத்தார்கள். ஆயிரம் பேர் கலந்துகொண்டு பிடித்தது 106. அடுத்த வருடம் மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரண்டு இருளர்களை அங்கே வரவழைத்தார்கள். இரண்டு வாரத்துக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. அவர்கள் இருவருக்கும் 2023-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. எந்த டிகிரியும் இல்லாத அறிவு அது.

இனி முதலைக்கு வருவோம். 1970-களில் நம் நாட்டு முதலைகள் மூன்று வகையும் அழியும் நிலையில் இருந்தன. ராமுலஸ், அவர் மனைவி ஜாய் விட்டேகர், இன்னும் சிலர் சேர்ந்து 1976-ல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை ஆரம்பித்தார்கள். இங்கிலீஷில் பெயர் 'கிரோக்கடைல் பேங்க்'. பேங்க் மாதிரியே போட்டு வைத்து, பெருக்கி, காட்டு ஆறுகளுக்கு எடுத்துக் கொடுப்பது என்று திட்டம். ஆரம்பத்தில் நன்றாகவே நடந்தது. சதுப்புநில முதலை குட்டி போட்டது போல... மன்னிக்கவும், முட்டை போட்டுப் பெருகியது.

பிறகு எடுப்பவர் இல்லாமல் போனார்கள். ஆறும் ஏரியும் மனிதர்களால் நிறைந்துவிட்டன. 1990-களில் முதலைகளைக் காட்டில் விடுவதை அரசு நிறுத்திவிட்டது. டெபாசிட் மட்டும் ஏறிக்கொண்டே போகும் பேங்கை நினைத்துப் பாருங்கள். அதுவும் இந்த டெபாசிட்டுக்குத் தினமும் இறைச்சி போட வேண்டும், ஒவ்வொன்றும் பல பத்தாண்டுகள் வாழும். வருமானமோ பெரும்பாலும் நுழைவுச்சீட்டில். 2020-ல் கொரோனாவால் கேட்டை மூடியபோது சீட்டு விற்கவில்லை, முதலைகள் பசிப்பதை நிறுத்தவும் இல்லை. பொதுமக்களிடம் நன்கொடை கேட்க வேண்டிவந்தது.

யாரையும் குறை சொல்வதற்கில்லை. 1976-ல் அழியப்போகிறது என்று பயந்து ஆரம்பித்தவர்களிடம், பெருகினால் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். ஆனாலும் எந்த உயிரினக் காப்பகமும் முதல் நாளே எழுதி வைக்க வேண்டிய கேள்வி அதுதான். ஜெயித்தால் என்ன செய்வோம்? தோற்றால் என்ன செய்வது என்று யோசிக்கத்தான் எல்லோரும் பழகியிருக்கிறோம்.

இப்போது வடநெம்மேலியில் சதுப்புநில முதலைகள் மேலும் பெருகாமல் பார்த்துக்கொள்வதும் வேலைதான். 2022-ல் ஏறத்தாழ 1000 முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகரில் உள்ள ஒரு தனியார் மையத்துக்கு அனுப்பும் வேலை நடந்தது. கடற்கரையோரம் வளர்ந்த முதலைகள் பெட்டிகளில் ஏறிப் பாதி இந்தியாவைக் கடந்து போயின, ஆற்றுக்கு அல்ல, இன்னொரு தொட்டிக்கு.