வெந்நீர் ரூமும் ஒரு வாஷிங் மெஷினும்

உங்க பாட்டி வீடு ரொம்பப் பழசா இருந்தா ஒரு வேலை செய்யுங்க. கொல்லைப்பக்கத் தரையில ஒரு கோலிக்குண்டை வெச்சு விட்டுப் பாருங்க. கண்டிப்பா உருளும். உடனே "தரை கோணலா இருக்கு, உடைச்சுட்டு டைல்ஸ் போட்டுடலாம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. எங்க வீட்டுல கிட்டத்தட்ட அப்படித்தான் முடிவு ஆச்சு. கொத்தனார் அண்ணன் ஒருத்தர்தான் தடுத்தார்.

கும்பகோணம் பக்கத்துல எங்க அப்பாயி வீடு. நாட்டு ஓடு, முற்றம், ஒன்றரை அடி கனத்துக்குச் சுண்ணாம்புக் காரைச் சுவர். கொல்லையை ஒட்டி வெந்நீர் ரூம். அதுல ஒரு பக்கம் செப்பு அண்டா பதிச்ச அடுப்பு, இன்னொரு பக்கம் துவைக்கிற கல். அப்பாயிக்கு 74 வயசு. முட்டி தேஞ்சுபோச்சு, இனிமே குனிஞ்சு உக்காந்து துவைக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். அதைச் சாக்கா வெச்சு, "பேசாம சென்னைக்கு வந்துடும்மா"ன்னு அப்பாவும் அத்தையும் மெதுவா அழுத்த ஆரம்பிச்சாங்க. அப்பாயி ஒரே வரியில முடிச்சுட்டாங்க: "என் துணிய நான் அலசிக்கிற வரைக்கும் இங்கதான் இருப்பேன்." ஆக, அந்த ரூம்ல ஒரு வாஷிங் மெஷின் ஒழுங்கா நிக்கலைன்னா அப்பாயி வீட்டை விட்டுக் கிளம்பணும். நிலைமை அவ்வளவுதான்.

மெஷின் ஏன் மட்டமா நிக்கணும்? செகண்ட் இயர் டைனமிக்ஸ் இங்க உதவும். ட்ரம் நிமிஷத்துக்கு 1000 சுத்து, ஆரம் கால் மீட்டர்னு வெச்சுக்குங்க. ஒமேகா ஸ்கொயர் ஆர் போட்டா புவியீர்ப்பு மாதிரி சுமார் 280 மடங்கு வரும். அரை கிலோ ஈரத்துணி ஒரே பக்கமா ஒதுங்கிட்டா, 140 கிலோ எடைக்குச் சமமான விசை செகண்டுக்கு 16 தடவைக்கு மேல திசை மாத்தி மாத்தி இழுக்குது. ஸ்பிரிங்கும் டேம்பரும் உள்ளே இருக்கிற காங்கிரீட் பாரமும் பெரும்பகுதியைத் தாங்கிக்கும். (ஆமா, ஃப்ரண்ட் லோடு மெஷினுக்குள்ள பெரும்பாலும் காங்கிரீட் கட்டி இருக்கும். நம்பலைன்னா ஒருதடவை தூக்கிப் பாருங்க.) மிச்சம் தரைக்கு வரும். நாலு காலும் ஊனி நிக்கலைன்னா மெஷின் நடக்க ஆரம்பிச்சுடும்.

கொத்தனார் அண்ணன் வந்ததும் நான் ரசமட்டத்தை நீட்டினேன். "இது ரெண்டடிக்குத்தான் பேசும் தம்பி, ரூமுக்கு இதுதான்"னு ஒரு நீளமான ட்யூப்ல தண்ணி ரொப்பி எடுத்தார். ஒரு முனையை நான் பிடிக்க, இன்னொரு முனையோட அவர் மூலை மூலையா நடந்து சுவர்ல கோடு போட்டார். அப்புறம் ஒவ்வொரு கோட்டுக்கும் கீழ தரை எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு டேப் வெச்சு அளந்தோம்.

வாசல்ல இருந்து சலதாரை வரைக்கும் பத்தடி நீளம், இறக்கம் இரண்டு அங்குலம். ஒரே சீரா இறங்குது. அதாவது அறுபதுக்கு ஒண்ணு. ஈரம் படுற தரைக்கு நாம இன்னைக்கும் கொடுக்கிற சரிவு கிட்டத்தட்ட இதேதான்! அது கோணல் இல்லைங்க, வாட்டம். தண்ணி தானா வெளியே போறதுக்குன்னு யாரோ யோசிச்சுப் போட்டது. ஸ்லோப்னு எனக்குத் தெரியும், வாட்டம்னு அன்னைக்குத்தான் தெரியும். சுவர்ல ஏறுற ஈரத்துக்கு ஓதம்னு பேர், அதுல வெள்ளையா வர்றது உப்புப் பூக்கிறது. நாலு வருஷம் சிவில் படிச்சதுக்கு ஒரு நாள்ல மூணு தமிழ் வார்த்தை.

ஆனா வடமேற்கு மூலை இந்தக் கணக்குல வரல. அங்க இன்னும் ஒண்ணேகால் அங்குலம் கூடுதலா இறங்கியிருந்துச்சு, சுவர்ல சாய்வா ஒரு விரிசலும் இருந்துச்சு. வெளியில போய்ப் பார்த்தா, ஓட்டுத் தண்ணியைக் கடத்துற தகரக் குழாய் சரியா அந்த மூலைக்கு மேல உடைஞ்சு கிடக்கு. பல வருஷ மழை அஸ்திவாரத்துலயே ஊறி, மண் இளகி, தரை உக்காந்திருக்கு. டைல்ஸ் போட்டிருந்தா இது அழகா மறைஞ்சிருக்கும். முதல்ல குழாயை மாத்தினோம். அப்புறம் விரிசலோட ரெண்டு முனையிலயும் பென்சில்ல கோடு போட்டுத் தேதி எழுதினேன். கோட்டைத் தாண்டி நீண்டா இன்னும் நகருதுன்னு அர்த்தம்.

அடுத்த சண்டை பூச்சுல. சுவரோட அடி மூணடிக்கு எப்பவோ யாரோ சிமெண்ட் பூசியிருந்தாங்க. சுண்ணாம்புச் சுவர்ல கீழிருந்து ஏறுற ஈரம் பூச்சு வழியா வெளியே ஆறிடும். சிமெண்ட் அதை அடைச்சுடும், அடைஞ்ச ஈரம் இன்னும் மேல ஏறும், பூச்சு பொரிஞ்சு கழண்டு விழும். "சிமெண்ட்னா ரெண்டு நாள் வேலை"ன்னு அப்பா. "ரெண்டு வருஷத்துல திரும்ப என்னையக் கூப்பிடுவீங்க சார்"னு கொத்தனார். சுண்ணாம்பு ஊற வெச்சு, கடுக்காய்த் தண்ணி கலந்து பூசி முடிக்க மூணு வாரத்துக்கு மேல ஆச்சு. லீவு முழுக்க அதுலயே போச்சு.

தரையை உடைக்கவே இல்லை. உக்காந்த மூலைக்கு எதிர்ப்பக்கம், மெஷின் அளவுக்கு மட்டும் ஒரு அடி உயரத்துக்குக் காங்கிரீட் மேடை. மேல் பரப்பு மட்டும் ரசமட்டத்துல சுத்தமா மட்டம். பழைய சுவருக்கு அதிர்வு போகக் கூடாதுன்னு நடுவுல அரை அங்குல இடைவெளி. அந்த உயரத்துல ஃப்ரண்ட் லோடு வெச்சா கதவு இடுப்புக்கிட்ட வந்துடும், அப்பாயி குனிய வேண்டாம். பழைய வயரிங்ல எர்த்தே இல்லை. கரியும் உப்பும் போட்டுப் புதுசா எர்த் குழி எடுத்து, 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டினோம். வெறுங்கால், ஈரத்தரை, கரண்ட். இந்த மூணும் சேருற இடத்துல மட்டும் யாரும் சிக்கனம் பண்ணாதீங்க.

துவைக்கிற கல்லைத் தூக்கிப் போட்டுடலாம்னு அப்பா சொன்னப்ப, "கல்லு என்னடா பாவம் பண்ணுச்சு? முட்டிதானே தேஞ்சுச்சு"ன்னு கேட்டாங்க அப்பாயி. இடுப்பு உயரத்துக்குச் செங்கல் கட்டி அதையும் மேல ஏத்தியாச்சு. புடவைக் கரையை நின்னுக்கிட்டே கல்லுல ஒரு தேய் தேய்ச்சுட்டுத்தான் மெஷின்ல போடறாங்க.

மெஷின்ல எழுதியிருக்கிறது எல்லாம் இங்கிலீஷ். அப்பாயி தமிழ் பேப்பரை வரி விடாம படிப்பாங்க, இங்கிலீஷ் தெரியாது. நான் சீட்டு எழுதி ஒட்டினேன், ஈரத்துல உரிஞ்சுடுச்சு. அப்பாயி அவங்களே ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிக்கிட்டாங்க. சிவப்பு ஆன் பண்றதுக்கு, பச்சை சேலைக்கு, மெரூன் போர்வைக்கு. இது வரைக்கும் ஒண்ணும் மாறிப் போகல.

போன வாரம் போன்ல கேட்டேன். விரிசல் பென்சில் கோட்டைத் தாண்டலையாம். ஆனா இதுவரை வெயில் காலம்தான். ஐப்பசி மழை முழுசா பெய்ஞ்சு முடியட்டும், நேர்ல போய் டேப் வெச்சுப் பார்க்கணும்.